சாமியின் இடது கால்

எங்கள் சாமி காவி கட்டுவதற்கு முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே ஓடிய பஸ். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அந்தக் குரல் மட்டும் அவரை விடவில்லை. நாகலாபுரத்துக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் அவருடைய மடம். பௌர்ணமிக்குக் கூட்டம் சேர்ந்து, எல்லோரும் பயபக்தியோடு வாசலிலேயே நெருக்கிக்கொண்டு நின்றால், உள்ளே பலகையில் உட்கார்ந்திருக்கிறவர் கையை வீசி, “உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு!” என்பார். கைகட்டி நின்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நான் கோவில்பட்டியில் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அளவு ஜாக்கெட்டை அவர்களே கொடுத்துவிட்டு, தைத்து முடித்தபிறகு “இது என் அளவே இல்லையே” என்று வருகிறவர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த வாய். சாமியிடம் போக ஆரம்பித்தபிறகும் அது அடங்கவில்லை. ஒருநாள் யாரோ சரணாகதி என்றால் என்ன என்று கேட்டார்கள். “டிக்கெட் எடுத்தாச்சுல்லா? பெறகு எதுக்கு டிரைவர் தோளுக்கு மேல எட்டி எட்டிப் பாக்குதீங்க? பேசாம ஒக்காந்து வாங்க” என்றார் சாமி. எல்லோரும் தலையாட்டினார்கள். நான், “டிரைவர் கண்ணு அசந்துட்டா சாமி?” என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆண்கள் வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் முறைத்த முறைப்பில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் விஷயமே வேறு. அவருக்கு நாகலாபுரம் பக்கம் பூர்வீகக் காடு இருக்கிறது. வானம் பார்த்த பூமி. தினமும் கோவில்பட்டியிலிருந்து பைக்கில் போய் வந்து விவசாயம் பார்க்கிறார். எதை விதைக்கலாம், எப்போது உழலாம், பைக்கை மாற்றலாமா, மாற்றினால் என்ன கலர், எல்லாவற்றையும் சாமியிடம் கேட்டுத்தான் செய்வார். சாமிக்குச் சில சமயம் எரிச்சலாகிவிடும். “ஏலே, நான் பஸ்ஸுல சீட்டு கிழிச்சவன். எனக்கு உளுந்தக் கண்டனா, பாசியக் கண்டனா?” என்று கத்தினார் ஒருமுறை. சாமி வாயில் முதலில் வந்தது உளுந்து என்று சொல்லி, இவர் காடு முழுக்க உளுந்து விதைத்தார். அந்த வருடம் பார்த்து மழை ஒழுங்காகப் பெய்து உளுந்து கொட்டியதுதான் வினை. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நானும் ஒன்றும் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஆளாளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். மரம் சுற்றினேன், தொட்டில் கட்டினேன், மண்தரையில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த வருடம் பிள்ளையோடு வா என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். கடைசியாக இந்த மடத்துக்கு வந்தோம். சாமி எங்கள் கதையை முழுதாகக் கேட்டார். “பிள்ள பொறக்குமா பொறக்காதான்னு எனக்குத் தெரியாது தாயி. தெரியாதத தெரியும்னு சொன்னா பாவம். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க” என்று சொல்லி அவரே ரசம் ஊற்றினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருடத்தில் என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர். தட்டில் சோறு இருக்கும்போதே நான் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அவர் எனக்குப் பெரிய மந்திரம் எதையும் கொடுத்துவிடவில்லை. காலையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னார். கோபம் வருகிறது என்றால், “வரட்டும். எங்க ஏறுது, எந்த ஸ்டாப்புல எறங்குதுன்னு மட்டும் பாரு” என்பார். பார்க்கப் பார்க்க, சில கோபம் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவது எனக்கே தெரிந்தது. மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது நெஞ்சை அடைக்கும் ஒன்று இருந்தது. அதுவும் மெல்ல மெல்ல இளகியது. அதற்காக அவருக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தகும் என்று நினைத்திருக்கிறேன்.

குரு பூர்ணிமாவுக்கு மடத்தில் பாத பூஜை நடக்கும். சாமி பலகையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைப்பார். ஒரு குடும்பம் முன்னால் உட்கார்ந்து தண்ணீர், பால், பன்னீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, பூப் போட வேண்டும். கழுவிய தண்ணீர்தான் பாத தீர்த்தம். ஆளுக்கு ஒரு உத்தரணிக் கரண்டி வாங்கிக் குடித்துவிட்டுத் தலையில் தடவிக்கொள்வோம். கழுவுகிறவர்களும் சுற்றி நிற்கிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழியும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பூர்ணிமாவில் அந்த முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது.

ஆனிக் காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஊற்ற, நான் கழுவினேன். பன்னீர் வாசத்துக்கும் சந்தன வாசத்துக்கும் அடியில் இன்னொரு வாடை வந்தது. லேசாகத்தான். ஆனால் அது எனக்குத் தெரிந்த வாடை.

என் அப்பா ஆடு மேய்த்தவர். சீனி வியாதி வந்து கால் மரத்துப்போயிருந்தது அவருக்கே தெரியாது. வேலிக்கருவை முள் ஏறி, அது உள்ளேயே இருந்து சீழ் பிடித்து, கால் கறுத்து, எடுக்க வேண்டியதாகி, அதோடு ஆளும் போய்விட்டார். கடைசி நாட்களில் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாடைதான் முதலில் எதிரே வரும். வெற்றிலையை மென்றுகொண்டு உள்ளே போவேன்.

நான் கண்ணைத் திறந்தேன். இடது பாதம் வீங்கியிருந்தது. முந்தின பௌர்ணமிகளில் வந்தவர்கள் அப்பிய மஞ்சளும் சந்தனமும் விரல் இடுக்குகளில் காய்ந்து அடைந்து கிடந்தன. விரலால் வழித்தேன். கடைசி இரண்டு விரல்களின் அடியில் சதை கறுத்து, நடுவில் ஒரு குழி. விரல் நுனியே உள்ளே போகிற குழி. ஓரமெல்லாம் தண்ணீரில் ஊறி வெள்ளையாக இருந்தது. நான் அங்கே கை வைத்தும் சாமி காலை இழுக்கவில்லை. சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் தீர்த்தத்தை உத்தரணியில் எடுத்து வாயருகே கொண்டு போயிருந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். “யாரும் குடிக்காதீங்க! சாமி காலு அழுகிக்கிட்டு இருக்கு!” என்று கத்தியது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் பாடிக்கொண்டிருந்த பஜனை பாதியில் நின்றது. மடத்தின் வரவு செலவெல்லாம் பார்க்கிற ஒரு பருத்தி வியாபாரி உண்டு, மூத்த சீடர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர்தான் முன்னால் வந்தார். “என்னம்மா பேசுத? குரு பாதத்துல கொறை பாக்கலாமா? அது புண்ணு இல்லம்மா. நம்ம வெனையத்தான் சாமி காலுல வாங்கி வச்சிருக்காங்க. அத ஆத்துறதுக்கு நாம யாரு?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நெஞ்சாரச் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் அவரோடு மல்லுக்கட்டாமல் சாமி பக்கம் திரும்பினேன்.

“சாமி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன். சாமி என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தார். “முள்ளு குத்துனது. தானா ஆறிரும். ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். பூசையப் பாருங்க” என்றார். குரு சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சி பஜனையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மற்றவர்கள் வரிசையில் வந்து தீர்த்தம் வாங்கிக் குடித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன்.

பைக்கில் திரும்பும்போது வழியெல்லாம் என் வீட்டுக்காரரோடு சண்டை. சண்டை என்றால் நான்தான் பேசினேன். எட்டயபுரம் தாண்டியபிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எல்லாத்துலயும் சாமி சொன்னதக் கேட்டுட்டு, நமக்குப் பிடிக்காதத மட்டும் கேக்க மாட்டேன்னா அது என்ன சரணாகதி?” அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். குழந்தை மாதிரிக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சீடர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே யோசித்தேன். சாமி காலடியில் நான் எதையெதைப் போட்டேன்? என் திமிரைப் போட்டேன். பிள்ளையில்லாத அழுகையைப் போட்டேன். மூக்கையும் கண்ணையும் சேர்த்துப் போட்டேனா? அவர் அதைக் கேட்டாரா? ஒருவேளை நான்தான் அவரைச் சாதாரண மனுஷனாக எடை போடுகிறேனோ, அண்ணாச்சி சொல்வதுதான் நிஜமோ என்றும் பயந்தேன். கடைசியில் யோசனை எல்லாம் ஓய்ந்து ஒன்றுதான் மிச்சமிருந்தது. எனக்குச் சாமி வேண்டும். உயிரோடு வேண்டும். அப்புறம் அவர் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் சரி.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

சாமி வேப்பமரத்தடியில் தனியாக இருந்தார். கவிழ்த்த வாளிமேல் இடது காலைத் தூக்கி வைத்துத் துண்டால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “என்ன தாயி, போளி கொண்டாந்தியா?” என்றார். கடம்பூர் போளி என்றால் அவருக்கு உயிர். அந்தப் பக்கமாக வருகிற சீடர்கள் எல்லோரும் ஒரு பொட்டலம் வாங்கி வருவோம். அவரும் மனசு நோகக் கூடாதென்று யார் கொண்டுவந்ததையும் விடாமல் சாப்பிடுவார். எங்கள் பிரியமெல்லாம் சீனியாகவே அவர் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“போளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலக் காட்டுங்க” என்று தரையில் உட்கார்ந்து, பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். “கண்ண மூடிக்கோங்க. எங்க தொடுதேன்னு சொல்லுங்க.” உள்ளங்காலில் விரலை வைத்து அழுத்தினேன். சாமி காத்திருந்தார். “தொடு தாயி” என்றார். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணீர் அவர் பாதத்தில் விழுந்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். “தெரியும் தாயி. ரொம்ப நாளா, செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரிய மாட்டேங்குது” என்றார். “எங்க பஸ்ஸுல டிரைவரா இருந்தவருக்கும் இப்படித்தான் வந்துச்சு. மொதல்ல வெரலுன்னாங்க. பெறகு கரண்டைன்னாங்க. பெறகு முட்டுக்கு மேலன்னாங்க. நான்தான் கூட இருந்தேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “பயமா இருக்கு தாயி. அம்புட்டுப் பேரும் வந்து என் காலப் பிடிக்கிறீங்க. நான் எவன் காலப் பிடிச்சு எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுவேன்?”

அவர் அழுது நான் பார்த்ததில்லை. கண்டக்டர் குரலெல்லாம் எங்கோ போய், நெஞ்சு ஏறி இறங்க அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த பக்தி குறைந்துவிட்டதா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில்தான் அது இடுப்பில் பிள்ளை ஏறி உட்கார்ந்ததுபோல் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் அவர் கூட்டத்தின் முன்னால் வேண்டாம் என்று சொன்னது எனக்கு அப்போது புரிந்தது. நாங்கள் அவரைப் பயப்பட விட்டால்தானே.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். காட்டில் இருந்தார். போனில் காற்று இரைந்தது. வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், சாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றேன்.

“சாமி உத்தரவு ஆயிருச்சா?”

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும், மனுஷன் பறந்து வந்துவிடுவார். சாமி பேரைச் சொல்லி அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இல்ல. நான்தான் சொல்லுதேன்” என்றேன்.

“சாமி என்ன செய்யுதாங்க?” என்றார் அவர்.

“அழுதாங்க.”

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. “வாரேன்” என்றார்.

பக்கத்துக் காட்டுக்காரரின் லோடு ஆட்டோவை வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார். இறங்கி வந்து சாமிக்கு முன்னால் நின்றார். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. “ஏலே, நான் நேத்து என்ன சொன்னேன்?” என்றார் சாமி. குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் பலம் இல்லை. “மன்னிச்சுக்கோங்க சாமி” என்று சொல்லிக் குனிந்து அப்படியே அவரைத் தூக்கினார். சாமி திமிறவில்லை. இவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். விதைக்கிறதுக்குக்கூட உத்தரவு கேட்டு நின்ற மனுஷன், கேட்காமல் செய்த முதல் காரியம் அது. வண்டியில் ஏற்றிவிட்டு, வீங்கிய காலுக்கு அடியில் தன் துண்டைச் சுருட்டி வைத்தார்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, இத்தனை சீனியோடு எப்படி நடமாடினீர்கள் என்று சாமியைத் திட்டினார். அப்புறம் காலைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்திவிட்டார். இரண்டு விரல்களையும் உடனே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதம் போய்விடும், எடுத்தாலும் அதோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சாமியைப் பார்த்தார். சாமி என்னைப் பார்த்தார். “நீ சொல்லு தாயி. நீ சொன்னாச் சரி” என்றார்.

வெட்டச் சொல்லி, அது முட்டு வரைக்கும் போனால்? வேண்டாம் என்று சொல்லி, ஆளே போனால்? நீ சொன்னால் சரி என்று இன்னொரு உயிர் வந்து நம் கையில் உட்காருவது எவ்வளவு கனம் என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. எங்கள் உளுந்தையும் பைக்கையும் இன்னும் எத்தனையோ பேருடைய கல்யாணத்தையும் காட்டையும் அவர் இப்படித்தானே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தபோது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நான் சொன்னா எதுக்கு சாமி சரியாவும்? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். “இந்த டாக்டரம்மா உள்ளதச் சொல்லுதாங்க. மழுப்பல. அவிய பேச்சக் கேப்போம்னு எனக்குத் தோணுது. ஆனா காலு உங்க காலு. நீங்க சம்மதிச்சாத்தான்.”

“வலிக்குமா?”

“வலிக்கத்தான் செய்யும் சாமி.”

“இல்லன்னு சொன்னா என்னட்டி?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “சரி, எடுக்கச் சொல்லு” என்றார்.

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் கட்டு மாற்ற நர்ஸ் வந்தார். வாசலில் அண்ணாச்சி ஒரு பிளாஸ்க்கில் சீனி போடாத காப்பியோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். நர்ஸ் கட்டைப் பிரிக்க ஆரம்பித்ததும் சாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல. எம்புட்டு எடுத்திருக்காங்கன்னு யாராவது பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். எத்தனையோ பூஜையில் அந்தப் பாதத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றவர். குனிந்து, கணுக்காலைக் கையில் தாங்கிப் பிடித்து, தையலையும் ரத்தத்தையும் விட்டுப்போன இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“ரெண்டு வெரலு இல்ல சாமி” என்றார். “மூணு இருக்கு. காலு இருக்கு.”

சாமி சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.